வெள்ளை ஒயின் எதையும் மறைக்காது

பெட்டியில் வாங்கி வீட்டில் போடும் ஒயினை மட்டமாகப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. சொந்தமாகத் திராட்சைத் தோட்டமோ, தோட்டக்காரரின் உறவோ உள்ளவர்கள் ஒரு வகை. ஒரு தடவை அவசரப்பட்டுப் போட்டு, வாயில் வைக்க முடியாமல் சிங்க்கில் கொட்டிவிட்டுப் பழியைப் பெட்டிமேல் போட்டவர்கள் இன்னொரு வகை. கனடாவில் இருவரையும் தாராளமாகச் சந்திக்கலாம். சாறும் ஈஸ்ட்டும் மற்ற சாமான்களும் ஒன்றாகக் கட்டி விற்கும் 'ஒயின் கிட்' அங்கே நிறையக் குடும்பங்களுக்குப் பழகிப்போன சரக்கு.

நான் அந்தப் பெட்டிக்காகப் பேச வந்திருக்கிறேன். அதிலும் வெள்ளை ஒயின் பெட்டிக்காக. திராட்சையைப் பயிரிட்டதும் பறித்ததும் பிழிந்ததும் வேறு யாரோ என்பது உண்மைதான். ஆனால் சாறு ஒயினாகிற அந்த ஐந்தாறு வாரங்களில் செய்ய வேண்டியதும், செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதும் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. சிவப்பு ஒயினில் அவருடைய பிழை கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். நிறம் இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, ஓக் மரத்தின் மணம் இருக்கிறது. வெள்ளையில் ஒளிய இடமே கிடையாது. கலங்கல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். காற்றுப் பட்டிருந்தால் நிறம் பழுத்துக் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்றால் முதல் முகர்வே சொல்லிவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

திறந்து பார்த்தால் அதிகமில்லை. தடித்த பிளாஸ்டிக் பையில் திராட்சைச் சாறு. விலை குறைந்த பெட்டியில் அது ஏழெட்டு லிட்டர்தான். வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் நீரை ஆவியாக்கிச் செறிவாக்கியது. விலை ஏற ஏறப் பையும் பெரிதாகும், செறிவாக்காத சாற்றின் பங்கும் கூடும். கூடவே 5 கிராம் ஈஸ்ட், பென்டோனைட் என்ற களிமண் தூள், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், பொட்டாசியம் சார்பேட், தெளியவைப்பதற்கான திரவப் பொட்டலங்கள். சார்டனே வகை என்றால் ஓக் மரத் துருவலும் இருக்கும். தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கினால் முடிவில் 30 பாட்டில் கிடைக்கும். பெட்டியின் விலை சுமார் 80 கனடா டாலரில் தொடங்கி 200-ஐத் தொடும். கணக்குப் போட்டால் பாட்டிலுக்கு மூன்று முதல் ஏழு டாலர். அந்த விலைக்குக் கடையில் நல்ல ஒயின் கிடைப்பது கஷ்டம்.

பெட்டி வாங்குகிறவர்களுக்கு நான் வெள்ளையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. திராட்சையின் நிறம் தோலில்தான் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சையை விரலால் பிதுக்கிப் பாருங்கள். கருத்த தோலுக்குள்ளிருந்து வருவது வெளிறிய சதை. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்கவிட வேண்டும். நிறமும் துவர்ப்பும் அதிலிருந்துதான் இறங்கும். சாற்றை மட்டும் பையில் அடைக்கும்போது அந்தத் தோல் விடுபட்டுப்போகிறது. அதனால்தான் உயர்ந்த ரகச் சிவப்புப் பெட்டிகளில் தோலைத் தனிப் பையில் வைத்துத் தருகிறார்கள். வெள்ளை ஒயினோ பெரிய ஒயின் ஆலைகளிலும் பிழிந்த சாற்றிலிருந்துதான் தொடங்குகிறது. பையில் அடைத்ததால் அது இழப்பது குறைவு.

பன்னீர் திராட்சையைச் சும்மா இழுக்கவில்லை. தேனி மாவட்டத்தில் விளைந்து 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்துக்கு உலக வழக்கில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். மஸ்கட் என்பது பெரிய குடும்பம். கனடாக் கடைகளில் மஸ்கட், மொஸ்காட்டோ என்று எழுதியிருக்கும் வெள்ளைப் பெட்டிகளின் சாறு அதே குடும்பத்தைச் சேர்ந்தது. லினலூல், ஜெரானியால் என்ற வாசனைப் பொருள்கள்தான் அந்தப் பூ மணத்துக்குக் காரணம். கம்பம் பக்கத்தில் வளர்ந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சாற்றை முகர்ந்தால் ஊர்ச் சந்தை ஞாபகம் வந்துவிடும். ரீஸ்லிங் திராட்சையில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும், கெவுர்ட்ஸ்ட்ரமினரில் லிச்சியும் ரோஜாவும். இந்த மணங்களைக் கெடுக்காமல் பாட்டில்வரை கொண்டுசேர்ப்பதுதான் வேலை. புதிதாக ஒன்றை உண்டாக்கும் வேலையைவிட இருப்பதைத் தொலைக்காமல் காக்கும் வேலைதான் வெள்ளை ஒயினில் அதிகம்.

மதுவிலக்கில் பிறந்த வியாபாரம்

இந்தப் பெட்டியின் மூதாதை பிறந்தது மது தடைசெய்யப்பட்ட நாட்டில். 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோது, அதை நடைமுறைப்படுத்திய வால்ஸ்டெட் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வீட்டு உபயோகத்துக்காகப் போதை தராத பழச்சாறு தயாரித்துக்கொள்ள அனுமதித்தது. சாறு வீட்டிலேயே இருந்து புளித்துவிட்டால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அந்த இடுக்கில் ஒரு வியாபாரம் நுழைந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரூட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 'வைன்-க்ளோ' என்ற பெயரில் திராட்சைச் சாற்றுச் செறிவை ரீஸ்லிங், மஸ்கடெல், போர்ட் என்று வகை பிரித்து விற்றது. பீப்பாய் வீட்டு வாசலில் வந்து இறங்கும். கம்பெனி ஆள் வந்து நொதிக்கத் தொடங்கிவைப்பார். சுமார் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து பாட்டிலிலும் அடைத்துக் கொடுப்பார்.

அந்த நிறுவனத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட். அதற்கு முன்பு 1921 முதல் 1929 வரை அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரலாக இருந்து மதுவிலக்கு வழக்குகளை முன்னின்று நடத்தியவர் அவரேதான். 1931-இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இந்த வியாபாரத்துக்கு எதிராகப் போகவே வைன்-க்ளோ நிறுத்தப்பட்டது. 1933-இல் மதுவிலக்கும் போனது. சாற்றைச் செறிவாக்கி, வகைப் பெயர் ஒட்டி, மீதி வேலையை வீட்டுக்கு அனுப்பும் முறை மட்டும் நிலைத்தது.

கனடாவில் அது பெரிதாக வளர்ந்ததற்கு அங்கேயே காரணங்கள் உண்டு. இத்தாலியிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாத் திராட்சையைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் ஒயின் போடுவது டொரன்டோவிலும் மொன்ட்ரியாலிலும் பழைய வழக்கம். மது விற்பனை பெரும்பாலும் அரசு வாரியங்களின் கையில் இருந்தது, ஒன்டாரியோவின் எல்.சி.பி.ஓ. வாரியம் 1927-இல் தொடங்கப்பட்டது. வரி அதிகம், விலையும் அதிகம். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் தயாரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, விற்கத்தான் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கோக்விட்லாமிலிருந்து வரும் வைன்எக்ஸ்பர்ட் முதலிய பெயர்கள் இப்படித்தான் வீட்டுப் பெயர்கள் ஆயின. இந்தப் பெட்டிகளில் இருக்கும் ஈஸ்ட் பல சமயம் மொன்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட லாலமண்ட் நிறுவனத்தினுடையது.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கென்று கடைகள் உண்டு. பெட்டியை அங்கேயே வாங்கி, அங்கேயே நொதிக்கவிட்டு, தயாரானதும் போய்ப் பாட்டிலில் அடைத்து எடுத்துவரலாம். ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இந்தக் கடைகளுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நொதிக்கத் தொடங்கிவைக்கும் வேலையையும் பாட்டிலில் அடைக்கும் வேலையையும் வாடிக்கையாளரே செய்ய வேண்டும். கடைக்காரர் செய்தால் அது மது உற்பத்தி. வாடிக்கையாளர் செய்தால் வீட்டு ஒயின். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒயினைத் தயாரித்தவர் யார் என்ற கேள்விக்கு, அந்த 5 கிராம் பொட்டலத்தைக் கிழித்தவர்தான் என்று சட்டமே பதில் சொல்கிறது.

ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் ரீஸ்லிங் பெட்டி ஒன்று ஒயினாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக அங்கே இருப்பவர். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் 'அண்ணை'. கோடையில் தக்காளியும் மிளகாயும் போடுவார். பனி விழத் தொடங்கினால் வெள்ளை ஒயின்.

நான் எதிர்பார்த்துப் போனது சாற்றையும் ஈஸ்ட்டையும். முதல் நாள் பெரும்பகுதி போனது கழுவுவதில். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பது அண்ணையின் முதல் பாடம். கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் போக முதலில் மணமில்லாத சோப்பும் வெந்நீரும். பிறகு மெட்டாபைசல்பைட் கரைத்த நீரால் வாளி, மூடி, கரண்டி, குழாய், கார்பாய் என்ற பெரிய கண்ணாடிக் குடுவை என்று சாறு தொடப்போகிற எல்லாவற்றையும் அலசுவது. அந்தக் கரைசலின் நெடி மூக்கைத் துளைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. குளோரின் பிளீச்சை அவர் கிட்டவே சேர்ப்பதில்லை. குளோரின் தங்கிவிட்டால் நாள்பட ஈர அட்டையின் பூஞ்சை வாடையில் போய் முடியக்கூடும். அந்த வாடை வெள்ளை ஒயினில் ஏறினால் மீட்க முடியாது. நான் சாறு எப்படி இருக்கிறது என்று பார்க்க விரலை நீட்டியபோது, "தம்பி, கையை உதுக்குள்ள விடாதையும்" என்று தடுத்துவிட்டு, கரண்டியில் எடுத்துக் கொடுத்தார். நாக்கைக் கட்டும் இனிப்பு, அதற்குப் பின்னால் கூர்மையான புளிப்பு.

இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பென்டோனைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினார். கட்டி தட்டாமல் இருக்கப் பொறுமை வேண்டும். பிறகு பையைக் கவிழ்த்துச் சாறு. பையை அலசிய நீரும் வாளிக்குள். 23 லிட்டர் கோடுவரை தண்ணீர். அப்புறம் நீண்ட கரண்டியால் நுரை எழும்பும்வரை பலமாக அடித்துக் கலக்கினார். தொடக்கத்தில் ஈஸ்ட் பெருகக் கொஞ்சம் ஆக்சிஜன் தேவை. ஆனால் ஒயினானபின் அதே ஆக்சிஜன் அதன் முதல் எதிரி. ஒரே காற்று இரண்டு வாரத்தில் கட்சி மாறுவதைப் புரிந்துகொள்ளாதவர்களால்தான் வீட்டு வெள்ளை ஒயின் பழுப்பாகி, வெட்டிவைத்த ஆப்பிளின் வாடையோடு நிற்கிறது.

ஹைட்ரோமீட்டர் என்பது ஒரு சின்னக் கண்ணாடி மிதவை. நீரில் 1.000 என்று காட்டும். சர்க்கரை கூடினால் இன்னும் மேலே மிதந்து பெரிய எண்ணைக் காட்டும். ஒரு குழாயில் சாற்றை எடுத்து அதில் மிதவையை இறக்கி, ஒட்டியிருக்கும் குமிழிகள் போகச் சற்றே சுழற்றிவிட்டு, கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்தி அண்ணை எண்ணைப் படித்தார்: 1.085. குறிப்புப் புத்தகத்தில் தேதி, வெப்பநிலையோடு எழுதிக்கொண்டார். கடைசியாகப் பொட்டலத்தைக் கிழித்து ஈஸ்ட்டை மேற்பரப்பில் தூவினார், கலக்கவில்லை. பெட்டியில் இருந்தது இ.சி.1118 என்ற ரகம். ஷாம்பெயின் பிரதேசத்திலிருந்து பொறுக்கியெடுத்தது, குளிரையும் தாங்கும், 18 சதவீத ஆல்கஹாலையும் தாங்கும். வீட்டு வேலைக்கு நம்பகமான ஈஸ்ட்.

மறுநாளே வாளிக்குள் சலசலப்பு. சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் சமன்பாடு எழுதிவிட்டார். அதைச் செய்வது உயிருள்ள ஈஸ்ட் என்று நிறுவியவர் லூயி பாஸ்டர். ஒயினின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1866-இல் வந்தது. அந்தச் சமன்பாட்டை வைத்து இந்த வாளிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 லிட்டர் சாறு சுமார் 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினாகும்போது வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ 2 கிலோ. அறை வெப்பத்தில் அதன் கன அளவு ஆயிரம் லிட்டருக்கு மேல். அத்தனையும் மூடியில் செருகிய ஏர்லாக்கின் விரலளவு நீர் வழியாகக் குமிழி குமிழியாகப் போக வேண்டும். வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் போல மலிவான, அவ்வளவு உபயோகமான சாமான் இந்த வேலையில் வேறில்லை.

வெப்பநிலைபற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரிய ஆலைகள் வெள்ளை ஒயினைக் குளிர்வித்த தொட்டிகளில் 12 முதல் 18 டிகிரிக்குள் நொதிக்கவிடும். மெதுவாக நடந்தால் பழ மணம் தங்கும். பெட்டியோடு வரும் தாள் 20-க்கு மேல் வைக்கச் சொல்லும், ஏனென்றால் புதியவர் கையிலும் நொதித்தல் நடுவழியில் நின்றுவிடக் கூடாது. இரண்டும் நியாயம். ஆனால் தொடக்கத்தில் 20-இல் நன்றாகக் கிளம்பியபின் வாளியைப் பேஸ்மென்ட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றி, 18 பக்கம் வைத்துக்கொள்வதில் அண்ணை காட்டும் அக்கறை வீண்போவதில்லை. கனடாக் குளிர்காலத்தில் பேஸ்மென்ட் தரையே அந்தக் குளிர்ச்சியைச் சும்மா தருகிறது. கோடையில் அவர் போடுவதே இல்லை.

எண் 1.010-க்குக் கீழே இறங்கியதும் சைபன் குழாயால் அடிமண்டியைத் தொடாமல் மேலே இருப்பதைக் கார்பாய்க்கு இறுத்து மாற்றினார். குழாயின் முனை கார்பாயின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து தெறித்தால் காற்றுக் கலக்கும். இன்னும் சில நாளில் 0.995. ஆல்கஹால் நீரைவிட லேசானது, அதனால்தான் எண் ஒன்றுக்கும் கீழே போகிறது. தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: 11.8. ஒரு நாள் காட்டியது போதாது. அதே எண் இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். நொதித்தல் முடியாத ஒயினைப் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். சோம்பல்பட்டு இந்த அளவீட்டைத் தவிர்ப்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கண்ணாடிச் சில்லு விளையாட்டுக் காரியமல்ல.

வாயுவும் தெளிவும்

பெரும்பாலான வீட்டு வெள்ளை ஒயின்கள் கெடும் இடம் அடுத்ததுதான். மெட்டாபைசல்பைட்டும் சார்பேட்டும் போட்டாகிவிட்டது. முதலாவது ஆக்சிஜனையும் கிருமிகளையும் தடுக்கும். இரண்டாவது மிச்சமிருக்கும் ஈஸ்ட் மறுபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளும், கொல்லாது. இப்போது ஒயினுக்குள் கரைந்து நிற்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். அது போகாவிட்டால் நாக்கில் குத்தும். அதைவிட மோசம், மிதக்கும் தூசுகளைக் கீழே இறங்கவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பெட்டித் தாளில் ஒரே வரியில் முடியும் இந்த வேலை கையில் பிடித்தால் லேசில் முடியாது.

துளைபோடும் டிரில்லின் முனையில் பிளாஸ்டிக் துடுப்பு ஒன்றைப் பொருத்தி அண்ணை கார்பாய்க்குள் இறக்கினார். ஓரிரு வினாடிதான் சுழற்றியிருப்பார், நுரை கழுத்துவரை ஏறி வந்தது. நிறுத்தினார். அடங்கியதும் மறுபடி. திசை மாற்றி மறுபடி. நடுவில் ஒரு சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்காதபடி பார்த்துக்கொண்டார். போதுமா என்று தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு சோதனை. சோதனைக் குழாயில் பாதி ஒயினை எடுத்து, வாயை உள்ளங்கையால் அடைத்துக் குலுக்கிக் கையை எடுப்பார். 'புஸ்' என்று சத்தம் வந்தால் வாயு இருக்கிறது. அன்றைக்குப் பல தடவை 'புஸ்' வந்தது. அண்ணி மேலே சாப்பிடக் கூப்பிட்டுக் களைத்துவிட்டார்.

அடுத்து தெளியவைத்தல். வேதியியல் இங்கே அழகாகிறது. ஒயினின் புளிப்பில் புரதத் துகள்கள் நேர்மின்னேற்றம் கொண்டிருக்கும். முதல் நாள் போட்ட பென்டோனைட் எதிர்மின்னேற்றம் கொண்டது. புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். இப்போது ஊற்றும் பொட்டலங்களில் ஒன்று கீசல்சால் என்ற சிலிக்காக் கரைசல், இதுவும் எதிர்மின். மற்றது கைட்டோசான், நேர்மின். ஒன்றையொன்று பிடித்து, நடுவில் அகப்படும் கசடையெல்லாம் இழுத்துக்கொண்டு கீழே போகும். கலங்கிய குளத்து நீரைக் குடத்தில் எடுத்து, உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த நம் ஊர்ப் பெண்கள் செய்ததும் இதே காரியம்தான். இங்கே சைவம் பேணுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைட்டோசான் பொதுவாக இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. சில பெட்டிகளில் அதற்குப் பதில் வரும் ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து வருவது. நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். பென்டோனைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கூடுதல் வாரங்கள் பொறுத்தாலும் தெளியும்.

பொறுப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரத்தில் மேற்பகுதி தெளிந்து அடியில் வெள்ளை மண்டி கட்டிவிட்டதைப் பார்த்து, பாட்டிலில் அடைத்துவிடலாமே என்றேன். அண்ணை கார்பாயின் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். ஒளிக்கற்றை ஒயினுக்குள் போகும் தடம் பால்வெள்ளையாகத் தெரிந்தது. "பார்த்தீரோ? இன்னும் இருக்கு. அவசரப்படாதையும் தம்பி, அது தன்ர பாட்டில தெளியட்டும்" என்றார். பெட்டியின் மேல் ஆறு வாரம் என்று போட்டிருந்தது. அவர் கணக்கு அதைவிட நீளம். அதுவரை கார்பாயின் கழுத்துவரை ஒயின் நிரம்பியிருக்க வேண்டும். மேலே வெற்றிடம் இருந்தால் அது காற்றுக்கு விட்ட இடம். குறைந்ததை ஈடுகட்டக் கடையில் வாங்கிய ரீஸ்லிங் ஒரு பாட்டிலை ஊற்றினார்.

மெத்தனால் பயம்

வீட்டில் மது என்றதும் தமிழ்நாட்டில் நம் மனம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாராலும் மறக்க முடியாது. அதனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலந்த மெத்தனால். திராட்சைச் சாறு நொதிக்கும்போதும் பழத்தின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் உண்டாகும். தோல் சேராத வெள்ளை ஒயினில் அது சிவப்பில் இருப்பதைவிடக் குறைவு. அது கொல்லும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு தொழில். உரிமம் இல்லாமல் அதைச் செய்வது கனடாவிலும் குற்றம்.

ஆனால் அதனால் ஆல்கஹால் ஆரோக்கியப் பானம் ஆகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. முப்பது பாட்டில் வீட்டில் இருப்பது சிலருக்கு ஆபத்து என்பதையும் மனசாட்சியோடு சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு மதுரையிலோ கோவையிலோ வாளியைத் தேடாதீர்கள். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு, வீட்டுக்கு மட்டும் என்ற விலக்கெல்லாம் கிடையாது.

பாட்டிலுக்குப் பிறகு

பாட்டிலில் அடைத்த அன்றே குடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஏராளம். அன்று எந்த ஒயினும் வாய் திறக்காது. சல்பைட்டின் நெடி முன்னால் நிற்கும், பழம் பின்னால் ஒளிந்திருக்கும். சில நாள் நிறுத்திவைத்து, கார்க் விரிந்து இறுகியபின் படுக்கவைத்து, இருட்டான இடத்தில் மறந்துவிட வேண்டும். வெள்ளைக்கு மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும். ரீஸ்லிங்குக்கு அதன் புளிப்பே காவல்; ஓராண்டுகூடத் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தபின் அடியில் கண்ணாடித் துகள்கள் மாதிரிப் படிகங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை பொட்டாசியம் பைடார்ட்ரேட். கேக் செய்கிறவர்கள் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று வாங்குவதும் அதையேதான்.

மூன்றாம் மாதம் அண்ணை முதல் பாட்டிலைத் திறந்தபோது நானும் இருந்தேன். வைக்கோல் நிறம், ஒரு பொட்டுக் கலங்கல் இல்லை. மூக்கில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும். வாயில் சுத்தமான புளிப்பு. கடையில் இருமடங்கு விலைக்கு வாங்கும் ரீஸ்லிங் பக்கத்தில் தயங்காமல் இதை வைப்பேன் என்று சொன்னேன். அண்ணை தலையாட்டவில்லை. இரண்டாவது மிடறை நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "காஸ் வடிவாப் போகேல்ல, நுனி நாக்கில சுணை நிக்குது" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த மெல்லிய குத்தல் தெரிந்தது.

சிவப்பு ஒயினாக இருந்திருந்தால் நானோ அவரோ அதைக் கவனித்திருப்போமா என்பது சந்தேகம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெட்டிக்குரிய பக்கத்தைப் புரட்டி எழுதினார்: 'வாயு எடுக்கும்போது ஒயின் 16 டிகிரியில் இருந்தது. குளிரில் வாயு விடாது. அடுத்த பெட்டிக்கு முதல் நாளே கார்பாயை மேலே சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். சோதனையில் சத்தம் நின்ற பிறகும் மறுநாள் ஒருமுறை சுழற்ற வேண்டும். இன்னும் இரண்டு வாரம் விட வேண்டும்.' அடுத்த பெட்டி சாவிஞான் பிளாங்க் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.